கேம்பர் வேனின் கூரை ஏர்கானை நாமே மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழுதாகிப்போன கூரை ஏர்கானைக் கழற்றிவிட்டு, அதே துளையில் புதியதைத் தாங்களே பொருத்த விரும்பும் சிங்கப்பூர் வாசகர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இயந்திரத்துடன் வரும் வெளிநாட்டுக் கையேடுகள் பெரும்பாலும் வறண்ட அல்லது குளிர்ந்த ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆண்டு முழுவதும் மழையும் புழுக்கமும் உள்ள நம்மூரில் இந்த வேலை நிலைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் நீரைப் பொறுத்தது. மேலிருந்து இறங்கும் மழைநீர் ஒன்று. இயந்திரமே காற்றிலிருந்து பிழிந்தெடுக்கும் நீர் மற்றொன்று. கீழுள்ள பதில்கள் பல நீரையே சுற்றிவருவதற்கு அதுவே காரணம்.

ஏர்கான் வேலையில் முன்னனுபவம் இல்லாத ஒருவர் இதைச் செய்ய முடியுமா?

எந்த வகை ஏர்கான் என்பதைப் பொறுத்தது. கூரையின் மேல் பெட்டியாக உட்காரும் ஒற்றை இயந்திரத்தில் கம்ப்ரசர், இரண்டு சுருள்கள், விசிறிகள் யாவும் ஒரே கூட்டுக்குள் உள்ளன. குளிர்பொருள் ஆலையிலேயே நிரப்பப்பட்டுக் குழாய்கள் மூடப்பட்டுவிடுகின்றன. ஆகவே அதை மாற்றுபவர் செய்வது தூக்குதல், நீர் புகாமல் அமர்த்துதல், மின்கம்பி இணைத்தல் ஆகிய மூன்று வேலைகள்தாம். ஸ்பேனரும் மல்டிமீட்டரும் பிடித்துப் பழகிய, பொறுமையுள்ள ஒருவர், தூக்குவதற்கு இன்னும் இருவர் துணையிருந்தால் இதைச் செய்யலாம்.

வெளிப்பெட்டி ஓரிடத்திலும் உட்பெட்டி வேறோரிடத்திலும் இருந்து, இடையே செப்புக்குழாய் ஓடும் வகையாக இருந்தால், அதை இந்தப் பக்கத்தின் எல்லைக்கு வெளியே வைத்துவிடுங்கள். குழாயில் வெற்றிடம் உண்டாக்கி, குளிர்பொருளை எடைபோட்டு நிரப்புவது பயிற்சி பெற்றவரின் வேலை. ஓட்டுநர் பகுதியில் என்ஜினால் இயங்கும் ஏர்கானும் அப்படியே.

அதிகாரிகளிடம் அனுமதி பெற வேண்டுமா?

ஏற்கெனவே உள்ள துளையில், ஏற்கெனவே பதிவுபெற்ற வண்டியில், ஏறக்குறைய அதே அளவும் எடையும் உள்ள இயந்திரத்தை வைப்பது ஒரு வகை. கூரையைப் புதிதாக வெட்டுவதும், வண்டியின் உயரத்தையும் எடையையும் கூட்டுவதும் முற்றிலும் வேறு வகை. வாகனத்தில் செய்யப்படும் மாற்றங்கள் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டவை. சிலவற்றுக்கு அனுமதி தேவையில்லை, சிலவற்றுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும், சில அறவே கூடாதவை. எனவே துளையிடும் கருவியை எடுப்பதற்கு முன்பே, வண்டியின் பதிவு விவரத்தையும் புதிய இயந்திரத்தின் உயரம், எடை ஆகியவற்றையும் குறிப்பிட்டு ஆணையத்துக்கு எழுதிப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழிப் பதில் பரிசோதனை நிலையத்தில் செல்லுபடியாகாது. காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவது நல்லது.

உயரத்தைப் பற்றி இன்னொன்று. இங்கு அதிகம் காணப்படும் டொயோட்டா ஹையேஸ் வேனின் சாதாரணக் கூரை தரையிலிருந்து ஏறத்தாழ 1.98 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன்மேல் 20 முதல் 25 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்டி அமர்ந்தால் மொத்தம் 2.2 மீட்டரை எட்டிவிடுகிறது. உங்கள் புளோக்கின் பலமாடி வாகன நிறுத்துமிடத்தில் தொங்கும் உயரத் தடுப்புக் கம்பியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டுப் பிறகு இயந்திரத்தை வாங்குங்கள். பொருத்திய பின் தரையிலிருந்து அளந்து, அந்த எண்ணை ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

என் வண்டிக் கூரையிலுள்ள துளைக்கு எந்த இயந்திரம் பொருந்தும்?

உலகச் சந்தையில் இரண்டு அளவுகளே பெரும்பாலும் புழங்குகின்றன. வட அமெரிக்க இயந்திரங்களுக்கு 14 அங்குலச் சதுரம், அதாவது சுமார் 356 மில்லிமீட்டர். ஐரோப்பிய இயந்திரங்களுக்கு 400 மில்லிமீட்டர் சதுரம். டொமெட்டிக், ட்ரூமா போன்ற பெயர்களைப் பார்த்து முடிவு செய்யாமல், குறிப்பிட்ட மாதிரியின் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரே நிறுவனம் இரு சந்தைகளுக்கும் தயாரிக்கிறது.

துளையை அளக்கும்போது உள்ளே இருக்கும் அலங்காரச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, உலோகத்தின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளக்க வேண்டும். கூரையின் மொத்தத் தடிமனையும், அதாவது வெளித்தகடு முதல் உட்பலகையின் கீழ்ப்பரப்பு வரை, நான்கு மூலைகளிலும் குறித்துக்கொள்ளுங்கள். இயந்திரத்துடன் வரும் போல்ட்டுகளின் நீளம் குறிப்பிட்ட தடிமன் வரம்புக்கே போதும். மூன்றாவதாக, துளையைச் சுற்றிக் கூரை சமமாக உள்ளதா என்று பாருங்கள். சரக்கு வேன்களின் கூரையில் வலுவுக்காக மேடு பள்ளமாக வரிகள் ஓடுகின்றன. பெட்டிக்கும் கூரைக்கும் இடையே நீர் புகாமல் அடைக்கும் பட்டையான கேஸ்கட் அந்த வரிகளின் மேல் குறுக்கே அமர்ந்தால் பள்ளம் ஒவ்வொன்றும் மழைக்கு ஒரு வாய்க்கால் ஆகிவிடும். பழைய இயந்திரத்தின் கீழ் ஃபைபர் கண்ணாடிச் சட்டமோ அலுமினியச் சட்டமோ வைத்துச் சமப்படுத்தியிருந்தால், அது உறுதியாக இருக்கும்வரை அதைக் கழற்றாதீர்கள்.

எத்தனை பி.டி.யு. (குளிர்த்திறனின் அலகு) வேண்டும்? பெரியதாக வாங்கிவிட்டால் விரைவில் குளிருமே?

விரைவில் குளிரும், ஆனால் புழுக்கம் போகாது. ஏர்கான் செய்யும் வேலை இரண்டு: காற்றின் வெப்பத்தைக் குறைப்பது, காற்றிலுள்ள ஈரத்தைச் சுருளில் படியவைத்து வடிப்பது. அளவுக்கு மீறிய இயந்திரம் சிறிய வேனைச் சில நிமிடங்களில் குளிரவைத்துத் தன்னை நிறுத்திக்கொள்கிறது. சுருளில் நீர் படிந்து வடியத் தொடங்குமுன்பே கம்ப்ரசர் ஓய்ந்துவிடுவதால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. சில்லென்று இருந்தும் போர்வை பிசுபிசுக்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள்.

ஒரு கிலோவாட் குளிர்த்திறன் என்பது மணிக்கு 3,412 பி.டி.யு. ஹையேஸ் அளவுள்ள, கூரையிலும் பக்கங்களிலும் வெப்பக்காப்பு இட்ட வேனை நிழலிலும் இரவிலும் பயன்படுத்துவோருக்கு 2 முதல் 2.5 கிலோவாட் போதும். நண்பகல் வெயிலில் திறந்தவெளியில் நிறுத்துவோருக்குத்தான் 13,500 பி.டி.யு., அதாவது ஏறக்குறைய 4 கிலோவாட் இயந்திரத்தின் தேவை எழுகிறது. என் கருத்தில், கூடுதல் குளிர்த்திறனுக்குச் செலவிடும் பணத்தில் பாதியைக் கூரை வெப்பக்காப்புக்கும் கண்ணாடித் திரைகளுக்கும் செலவிடுவது மேல். கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை, நம்மூர் ஈரப்பதத்துக்கு மிகவும் ஏற்றது. அது நின்று நின்று ஓடாமல் மெதுவாக ஓடிக்கொண்டே ஈரத்தை இழுக்கும்.

இணையக் கடைகளில் 12 வோல்ட் இயந்திரங்களுக்கு அச்சிடப்படும் பி.டி.யு. எண்களை அப்படியே நம்ப வேண்டாம். அது இழுக்கும் மின்னோட்டத்தைப் பார்த்தாலே உண்மை விளங்கிவிடும். 12 வோல்ட்டில் 60 ஆம்பியர் என்றால் 720 வாட். செலவாகும் மின்சாரத்தைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு குளிரைத் தருவதே இத்தகைய இயந்திரங்களால் இயலக்கூடியது. எனவே அது சுமார் 2 கிலோவாட், அதாவது 7,000 பி.டி.யு.வை ஒட்டிய இயந்திரம்; பெட்டியின்மேல் 12,000 என்று எழுதியிருந்தாலும் அவ்வளவுதான்.

12 வோல்ட்டா, 230 வோல்ட்டா?

மின்செருகி வசதியுள்ள முகாம் இடங்களிலேயே பெரும்பாலும் தங்குவீர்கள் என்றால் 230 வோல்ட் போதும். கம்பி மெல்லியது, பேட்டரி தேவையில்லை. ஆனால் வண்டிக்குள் நுழையும் அந்த மின்சுற்றில் 30 மில்லியாம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்க வேண்டும். வண்டியின் உலோக உடல் நிலத்தொடுப்புடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். கூரையில் நீர் வடியும் ஓர் இயந்திரத்துக்கு 230 வோல்ட் கொடுக்கிறோம் என்பதை மறந்துவிடலாகாது. இந்தப் பகுதியை மட்டும் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரிடம் சோதித்து வாங்குங்கள் என்பதே என் பரிந்துரை.

பேட்டரியில் ஓட்டுவோருக்கு 12 வோல்ட் இயந்திரம் வசதியானது. அங்கே சிக்கல் கம்பியின் தடிமனில் வருகிறது. பேட்டரியிலிருந்து கூரைவரை 5 மீட்டர் என்று வையுங்கள். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டுமாதலால் கம்பியின் நீளம் 10 மீட்டர். 50 ஆம்பியர் ஓடும்போது 16 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே இழப்பாகிறது. 35 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அது கால் வோல்ட்டாகக் குறைகிறது. அரை வோல்ட் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பேட்டரி பாதி தீர்ந்த நள்ளிரவில், இயந்திரம் "மின்னழுத்தம் குறைவு" என்று சொல்லி நிற்பதற்கும் நிற்காமல் ஓடுவதற்கும் அந்த அரை வோல்ட்டே வேறுபாடு. புதிய இயந்திரம் கெட்டுப்போனதாக எண்ணித் திருப்பி அனுப்பப்படுபவற்றுள் சில, மெல்லிய கம்பியால் பட்டினி போடப்பட்டவையாக இருக்கக்கூடும்.

ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். கூரைப் பக்கத்தில் வைத்த ஃபியூஸ் இடைப்பட்ட கம்பியைக் காக்காது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் குறுக்குத் தொடுப்பு நேர்ந்தால் பல்லாயிரம் ஆம்பியரைக் கொட்டக்கூடியவை. எனவே பேரளவு மின்னோட்டத்தைத் துண்டிக்கவல்ல டி வகை (Class T) ஃபியூஸையே பயன்படுத்துங்கள்.

எவ்வளவு நேரம் ஓடும் என்பது எளிய கணக்கு. 12.8 வோல்ட், 200 ஆம்பியர் மணி பேட்டரியில் 2.56 அலகு மின்சாரம் உள்ளது. முழுவேகத்தில் 50 ஆம்பியர் இழுத்தால் மூன்றரை மணி நேரத்தில் அது ஏறக்குறைய தீர்ந்துவிடும். இன்வெர்ட்டர் இயந்திரம் இரவில் வேகம் தணிந்து ஓடும்போது அந்நேரம் இரட்டிப்பாகலாம். கூரையில் ஏர்கான் போக மீதியிடத்தில் வைக்கக்கூடிய 200 வாட் சூரியத் தகடு நம்மூர் வெயிலில் நாளொன்றுக்குத் தருவது ஓர் அலகுக்கும் குறைவு. சூரிய ஒளியிலேயே ஏர்கான் இரவெல்லாம் ஓடும் என்று விற்பனையாளர் சொன்னால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மலிவாக வரவழைக்கலாமா?

வேண்டாம். அவை 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானவை. மின்மாற்றி வைத்து மின்னழுத்தத்தைக் குறைத்துவிடலாம். ஆனால் அது 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. குறைந்த அதிர்வெண்ணில் மோட்டாரின் இரும்புக்கரு செறிவடைந்து கம்ப்ரசர் சூடேறி ஆயுளை இழக்கும்.

வேலையை எங்கே, எப்போது வைத்துக்கொள்வது?

கூரைத் துளை சில மணி நேரம் திறந்தே கிடக்கும் என்பதால் கூரையுள்ள இடம் வேண்டும். ஆனால் 40 கிலோ பெட்டியைத் தலைக்கு மேலே தூக்க உயரமும் வேண்டும். புளோக்குக்குக் கீழே உள்ள பொது நிறுத்துமிடம் இதற்கு உரிய இடமன்று. காக்கி புக்கிட், சின் மிங், ஊபி வட்டாரப் பட்டறைகளில் ஒன்றில் அரைநாளுக்கு ஓர் இடத்தை வாடகைக்குக் கேட்டுப்பாருங்கள். வண்டியின் மேலேயிருந்து இறக்க ஃபோர்க்லிஃப்ட் இருந்தால் முதுகு தப்பிக்கும்.

திறந்தவெளிதான் வாய்த்தது என்றால் காலத்தைக் கவனியுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம்; ஆகவே காலையில் தொடங்கி நண்பகலுக்குள் இயந்திரத்தை அமர்த்திவிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அதற்கு நேர்மாறாக, சுமத்ரா பக்கமிருந்து வீசும் சூறைமழை விடியலுக்கு முன்போ காலையிலோ வந்து அடிக்கும். டிசம்பர், ஜனவரியில் நாள்கணக்கில் மழை நீடிக்கக்கூடும். அப்போது தள்ளிப்போடுவதே உத்தமம். எந்த மாதமானாலும் துளையைவிடப் பெரிய ஒரு பிளைவுட் பலகையையும் கனத்த தார்ப்பாயையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள்.

பழையதைக் கழற்றும் முறை என்ன?

வெளி மின்செருகியைப் பிடுங்குங்கள், பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் கருவி இருந்தால் அதை அணையுங்கள், பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள், பிறகு மல்டிமீட்டரால் சுழிநிலையை உறுதிப்படுத்துங்கள். பழைய 230 வோல்ட் இயந்திரங்களில் கம்ப்ரசருக்கும் விசிறிக்கும் மின்தேக்கிகள் உண்டு. மின்சாரம் நின்ற பின்னும் அவற்றில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அவை உள்ள பெட்டியைத் திறக்காமலே இயந்திரத்தை இறக்க முடிந்தால் திறக்காதீர்கள்.

உட்பலகையைக் கழற்றியதும் எல்லாக் கம்பி இணைப்புகளையும் படம் எடுத்துவிட்டுப் பிரியுங்கள். நான்கு போல்ட்டுகளைக் கழற்றிய பிறகும் பெட்டி அசையாது. ஆண்டுக்கணக்கில் வெயிலில் காய்ந்த கேஸ்கட் கூரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நெம்புகோலை வைத்து ஒருபக்கமாகத் தள்ளினால் மெல்லிய கூரைத் தகடு மடிந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டையோ மீன்பிடி நரம்பையோ கேஸ்கட்டுக்கு அடியில் நுழைத்து அறுத்துக்கொண்டே சுற்றிவந்து, பிறகு இருவர் நேர் மேலாகத் தூக்க, மூன்றாமவர் கீழே நின்று வாங்க வேண்டும். கூரையின் மேல் இழுக்கக் கூடாது. இழுத்த தடமே பின்னாளில் துருவின் தடமாகிறது.

துளையைச் சுற்றித் துரு இருக்கிறது. அப்படியே மூடிவிடலாமா?

கூடாது. கேஸ்கட்டுக்கு அடியில் எப்போதும் ஈரம் நிற்கும் என்பதால் துரு அங்கே வேகமாகப் பரவும். பளபளப்பான உலோகம் தெரியும்வரை தேய்த்து, துருநீக்கி பூசி, துத்தநாகம் கலந்த பிரைமரும் மேற்பூச்சும் அடித்து, முழுவதும் காயவிடுங்கள். விரலால் குத்தினால் துளைவிழும் அளவுக்கு அரித்திருந்தால், அந்த இடத்தில் ஏர்கானை வைப்பதற்கு முன் வெல்டிங் வேலை செய்வோரிடம் காட்ட வேண்டும். 40 கிலோ எடை ஓடும் வண்டியில், திடீர் பிரேக்கில், நான்கு போல்ட்டுகளை நம்பி நிற்கிறது.

பழைய சிலிகானின் எச்சம் ஒரு துளிகூட இருக்கலாகாது. சிலிகான் இருந்த இடத்தில் வேறெந்தச் சீலன்ட்டும் சரியாக ஒட்டாது. பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால், துணியில் கறை படியாத நிலை வரும்வரை துடையுங்கள்.

நீர் இறங்காமலிருக்கப் பெட்டியைச் சுற்றிலும் சிலிகான் பூசிவிடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருப்பவர்கள் இதைப் படிக்கலாம். பூசக் கூடாது.

கூரை ஏர்கான் ஓடும்போது குளிர்ந்த சுருளிலிருந்து சொட்டும் நீர் அடித்தட்டில் சேர்ந்து, அதிலுள்ள சிறு துளைகள் வழியே பெட்டிக்கு அடியிலுள்ள கூரையின் மேல் வடிந்து, அங்கிருந்து வண்டியின் ஓரத்துக்கு ஓடிவிடுவதாகவே பெரும்பாலான மாதிரிகள் வடிவமைக்கப்பட்டுள்ளன. அந்நீர் கொஞ்சநஞ்சமன்று. 3 கிலோவாட் இயந்திரத்தின் உழைப்பில் பத்தில் மூன்று பங்கு ஈரத்தை நீக்குவதில் செலவானால், மணிக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர் நீர் வடியும். எட்டு மணி நேர இரவில் ஒரு வாளி நிறைந்துவிடும். பெட்டியின் வெளி விளிம்பை முழுவதும் சிலிகானால் அடைத்துவிட்டால் அந்த வாளி நீருக்குப் போக்கிடம் இல்லை. அது அடியில் தேங்கி, மட்டம் உயர்ந்து, கேஸ்கட்டின் உள்விளிம்பைத் தாண்டி, துளை வழியே வண்டிக்குள் இறங்கும். அவ்வாறு அடைக்கப்பட்ட ஒரு வேனின் கூரை விளக்கைக் கழற்றியபோது, கிண்ணம் போன்ற அதன் கண்ணாடி மூடியில் நீர் விளிம்புவரை நின்றதைக் கண்டிருக்கிறேன். உரிமையாளர் அதை மழைநீர் என்றெண்ணி, மேலும் இரண்டு குழாய் சிலிகானை வாங்கிவைத்திருந்தார்.

நீரைத் தடுக்கும் வேலை கேஸ்கட்டினுடையது. அது துளையின் விளிம்பை ஒட்டி நாற்புறமும் அமர்ந்து, அழுத்தத்தில் நசுங்கி அடைக்கிறது. கேஸ்கட்டுக்கும் கூரைக்கும் இடையே பியூட்டைல் பட்டை வைக்கச் சொல்லியோ, எதுவும் பூசக் கூடாது என்றோ உங்கள் மாதிரியின் கையேட்டில் எழுதியிருக்கும்; அதையே பின்பற்றுங்கள். பழைய கேஸ்கட்டை எக்காரணம் கொண்டும் மீண்டும் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொன்று: வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில் கூரையின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். துளை இருக்கும் பகுதி கிண்ணம்போல் பள்ளமாகியிருந்தால், பழைய எடையால் தகடு அமுங்கியிருக்கிறது. உள்ளிருந்து சட்டம் கொடுத்து உயர்த்தாமல் புதியதை வைத்தால் எத்தனை நல்ல கேஸ்கட்டும் குளத்துக்குள் நிற்கும்.

போல்ட்டுகளை எவ்வளவு இறுக்க வேண்டும்?

கையேட்டில் உள்ள அளவுக்கு, டார்க் ஸ்பேனர் கொண்டு. ஓர் அறிமுகத்துக்காகச் சொன்னால், 14 அங்குலத் துளைக்கான டொமெட்டிக் கையேடுகளில் 40 முதல் 50 அங்குல பவுண்டு, அதாவது ஏறக்குறைய 4.5 முதல் 5.6 நியூட்டன் மீட்டர் என்றும், கேஸ்கட் அரை அங்குலத் தடிமனுக்கு நசுங்க வேண்டும் என்றும் குறிப்பிடப்படுகிறது. இது கையால் அழுத்தமாகத் திருகும் அளவைவிடச் சற்றே கூடுதல். பலர் நினைப்பதைவிட மிகக் குறைவு. மூலைவிட்டமாக மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்குங்கள். சில வாரங்கள் ஓடிய பின் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். புதிய கேஸ்கட் அமர்ந்து இளகுவது இயல்பு.

பொருத்தியாயிற்று, ஓடுகிறது, ஆனால் குளிர் போதவில்லை. ஏன்?

பெரும்பாலும் உள்ளே காற்று கலந்துவிடுகிறது. கூரைத் துளைக்குள் ஒரு தடுப்பு உண்டு: ஒருபுறம் வண்டியின் காற்று மேலே போகிறது, மறுபுறம் குளிர்ந்த காற்று கீழே வருகிறது. தடுப்பின் ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் குளிர்காற்று குறுக்குவழியில் மீண்டும் உறிஞ்சப்படுகிறது. இயந்திரம் வண்டி குளிர்ந்துவிட்டதாக எண்ணி அணைகிறது, அல்லது சுருளில் பனிக்கட்டி பிடித்துக் காற்றோட்டமே நின்றுவிடுகிறது. எல்லா ஓரங்களையும் அலுமினிய ஒட்டுநாடாவால் அடைக்க வேண்டும். சாதாரணத் துணி ஒட்டுநாடா நம்மூர் ஈரத்தில் சில மாதங்களில் உரிந்து தொங்கும்.

இருபது நிமிடம் ஓடவிட்டு, உள்ளே போகும் காற்றையும் வெளிவரும் காற்றையும் வெப்பமானியால் அளந்து பாருங்கள். 8 முதல் 12 பாகை செல்சியஸ் வேறுபாடு இருந்தால் இயந்திரம் நன்றாக இருக்கிறது. புழுக்கமான நாளில் அந்த வேறுபாடு கீழ்வரம்பை ஒட்டியே இருக்கும். உழைப்பின் கணிசமான பகுதி நீரை வடிப்பதில் போவதால் அது குறையாகாது.

உள்ளே நீர் சொட்டுகிறது. மழையா, ஏர்கானா?

மழை இல்லாத நாளில் ஓடும்போது மட்டும் சொட்டினால் அது ஏர்கானின் நீர். அணைத்திருக்கும்போது, மழைக்குப் பின் சொட்டினால் கேஸ்கட். இரண்டுமாகத் தோன்றினால், உணவுச் சாயம் கலந்த நீரைப் பெட்டியைச் சுற்றி மெதுவாக ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். உள்ளே நிறத்தோடு இறங்கினால் வழக்கு முடிந்தது. அழுத்தமான நீர்ப்பாய்ச்சல் கருவியால் சோதிக்காதீர்கள். எந்த மழையும் அப்படிப் பெய்வதில்லை, கேஸ்கட்டும் அதற்காகச் செய்யப்படவில்லை.

மூன்றாவது ஒரு நீரும் உண்டு, அதை இங்குள்ளோர் அடிக்கடி தவறவிடுகிறார்கள். மாலையில் 28 பாகை வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும்போது, 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கத் தொடங்கும். துளையின் விளிம்பிலுள்ள வெற்று உலோகமும், காப்பிடாத காற்றுக்குழாயின் வெளிப்பக்கமும் குளிர்காற்றுபட்டு அப்படித்தான் வியர்த்து, உட்பலகைக்குப் பின்னே பூஞ்சை பிடிக்கச் செய்கின்றன. மூடிய துளைகளுள்ள நுரைரப்பரை அந்த உலோகம் முழுவதும் ஒட்டிவிட்ட பிறகே உட்பலகையை மாட்டுங்கள். கதவையோ சன்னலையோ திறந்துவைத்து ஏர்கானை ஓட்டினால் இந்த நீர் பன்மடங்காகும்.

ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டுமா?

வேண்டாம். மூடிய அமைப்பில் குளிர்பொருள் செலவாவதில்லை. குறைந்தால் ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையை அடைக்காமல் நிரப்பச் சொல்வோரிடம் அடுத்த ஆண்டும் நீங்கள் போக வேண்டியிருக்கும். புதிய இயந்திரங்கள் பலவற்றில் உள்ள ஆர்-32 என்ற குளிர்பொருள் எளிதில் இல்லாவிட்டாலும் தீப்பற்றக்கூடியது. ஆகவே உறங்கும் இடத்துக்கு மேலேயுள்ள குழாயைக் குத்திப் பார்ப்பது, சூடேற்றுவது எதுவும் கூடாது.

வீட்டில் கழற்றிவைத்த காஸ்மென்ட் ஏர்கானை வேனில் மாட்டலாமா?

பழைய வீவக வீடுகளின் சன்னலில் நின்ற அந்த ஒடுக்கமான இயந்திரங்கள் அசையாத சுவருக்காகச் செய்யப்பட்டவை. சாலை அதிர்வில் செப்புக்குழாய்கள் விரிசல் காணும். சன்னலுக்கு வெளியே நீட்டிய பெட்டியோடு சாலையில் போகவும் முடியாது. ஒற்றைக் குழாயுள்ள நகரும் ஏர்கானும் பொருத்தமன்று. அது உள்ளிருக்கும் காற்றையே வெளியே தள்ளுவதால், ஈடுசெய்ய வெளியிலிருந்து ஈரக்காற்று ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

என்ஜினை ஓடவிட்டு இரவு முழுவதும் பயன்படுத்தலாமா?

நின்றுகொண்டிருக்கும் வண்டியின் என்ஜினைத் தேவையின்றி ஓடவிடுவது சிங்கப்பூரில் தண்டனைக்குரிய குற்றம். எல்லா இடத்திலும் பொருந்தும் வேறொரு காரணமும் உண்டு: புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது, உறங்குபவரை எழுப்பாமலே கொல்லும். சிறிய ஜெனரேட்டரை வண்டிக்கு அடியிலோ பக்கத்திலோ வைப்பதும் அதே ஆபத்துதான். வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கை உயரத்தில் மாட்டிவிடுங்கள்.

பராமரிப்பு என்ன?

அடிக்கடி பயன்படுத்தும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காற்று வடிகட்டியைக் கழுவுங்கள். கடற்கரையோரம் நிறுத்தும் வழக்கமிருந்தால் வெளிச்சுருளின் உப்பை நல்ல நீரால் மெதுவாகக் கழுவிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடித்தட்டின் வடிகால் துளைகளைப் பாருங்கள். ஆங்சானா மரத்தின் பூக்களும் இலைகளும் ஒரே இரவில் அவற்றை அடைத்துவிடும். கட்டுப்பாட்டுப் பலகை இருக்கும் பெட்டியில் கம்பி நுழையும் இடத்தை ரப்பர் வளையத்தால் இறுக்கமாக மூடுங்கள். அங்கே நுழையும் பல்லி தானும் கருகி, பலகையையும் கருக்கிவிடும். உத்தரவாதம் அதற்குப் பொறுப்பேற்காது.

கழற்றிய பழைய இயந்திரத்தை என்ன செய்வது?

குழாயை வெட்டிச் செம்பை மட்டும் எடுத்துக்கொள்ளும் எண்ணம் வேண்டாம். பழைய இயந்திரங்களில் பொதுவாகக் காணப்படும் ஆர்-410ஏ என்ற குளிர்பொருள், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 2,000 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. 2021 ஜூலை முதல் நடப்பிலுள்ள மின்கழிவுத் திட்டத்தில் வீட்டு ஏர்கான்கள் அடங்கும். புதியதை வாங்கும்போதே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு, விலைப்பட்டியலில் எழுதி வாங்கிவிடுங்கள். அவர்கள் மறுத்தால், குளிர்பொருளை முறையாக மீட்டெடுக்கும் ஏர்கான் பட்டறைக்கோ உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளருக்கோ தொலைபேசியில் சொல்லிவிட்டு, பெட்டியை நிமிர்த்திய நிலையிலேயே கொண்டுபோய்ச் சேருங்கள்.